வாய் சொன்னதும் கை சொன்னதும்

சுடலைமுத்துவுக்கு இருந்த வாயைப் பற்றிப் புறக்கோட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புடவைக் கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிற வேலை அவருக்கு. "வாங்கம்மா வாங்க, பாத்துட்டுப் போங்க, எடுக்காட்டியும் பரவால்ல" என்பார். அதே மூச்சில் சிங்களத்துக்குத் தாவி "லாபாய் நோனா, லாபாய்" என்று மலிவு சொல்லிக் கூப்பிடுவார். வெள்ளைக்காரி யாராவது வழிதவறி வந்துவிட்டால் அவளுக்கும் இங்கிலீஷில் இரண்டு வசனம் வைத்திருந்தார். நானும் அந்த வாய்க்கு அகப்பட்டவள்தான். திருவிழாவுக்கு ஒரு சட்டைத் துணி எடுக்கப் போனவளைக் கை நிறையத் துணியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்கு அம்மா பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

அதே மனிதரைத்தான் 2008ஆம் ஆண்டு, மழைக்காலத்தில், சக்கர நாற்காலியில் வைத்து எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற முதியோர் இல்லம் அது. நான் அங்கே அட்டென்டன்ட். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் என் வேலை. பெயர் பிறிஜெற். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம் என்று இல்லத்துத் தலைவி மதர் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிவைப்பார். சொல்லட்டும்.

சுடலைமுத்துவுக்குப் பாரிசவாதம். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. கடை வாசலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதே பாதிச் சொல்லில் வாய் கோணி நின்றுவிட்டதாம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பேச்சுத்தான் போய்விட்டது. முழுக்கப் போயிருந்தாலும் மனம் ஆறியிருக்கும். ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது.

"அண்ணை, தண்ணி வேணுமே?" என்று கேட்டேன்.

"ஒவ் மாத்தயா" என்றார்.

சிங்களத்தில் 'ஆமாம் ஐயா'. சோதனைச் சாவடியில் நிற்கிற பொலிசுக்கும் ஆமிக்காரனுக்கும் இந்த ஊரில் தமிழ்ச்சனம் சொல்லுகிற சொல். அதைச் சுடலைமுத்து எனக்குச் சொன்னார். அவருடைய ஈரத் துணியை மாற்றுகிற எனக்கு! கண்ணைத் தாழ்த்தி, நல்ல தோளையும் குறுக்கிக்கொண்டு சொன்னார். என் கையில் இருந்தது தண்ணீர்க் கோப்பை இல்லை, ஆமிக்காரனின் துவக்கு என்பதுபோல எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ஐயோ அண்ணை, நான் மாத்தயாவும் இல்லை ஒண்டும் இல்லை. நான் பிறிஜெற்."

"ஒவ் மாத்தயா."

வார்டில் இருந்தவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. அடுத்த கட்டிலில் ஒஸ்வால்ட் அங்கிள் இருந்தார். ஒரு காலத்தில் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். இப்போது பேப்பர் வாசிப்பதும் வம்பளப்பதும்தான் தொழில்.

"சுடலை, இண்டைக்கு உனக்குக் கலியாணமோ?" என்பார்.

"ஒவ் மாத்தயா."

"பொம்பிளை என்ர பிறிஜெற்றோ?"

"ஒவ் மாத்தயா."

வார்டு முழுக்கச் சிரிக்கும். "அங்கிள், உங்கட பல்லுச் செட்டைக் கழுவுறது நான்தான், மறக்காதேங்கோ" என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். அதற்கும் சிரிப்பார்கள். ஒருநாள் அவர் "நீ கழுதையோ?" என்று கேட்டு, அதற்கும் 'ஒவ் மாத்தயா' வந்து, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வாசலில் பழனியம்மா வந்து நின்றாள்.

பழனியம்மா அவருடைய மனைவி. வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையல் வேலை. மத்தியானச் சமையல் முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுவாள். சோதனைக்காக இடையில் பஸ்ஸிலிருந்து இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, திரும்ப ஏற்றினாலும், எப்படியும் தேநீர் நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடுவாள். அன்றைக்கு அவள் யாரையும் ஏசவில்லை. நேரே கட்டிலுக்குப் போய், தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து, வாயைத் துடைப்பதுபோல அவர் வாய்மேல் வைத்தாள். வைத்தவள் எடுக்கவேயில்லை. அவர் துவாய்க்குள்ளேயே இன்னொரு தடவை அதைச் சொன்னார். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒஸ்வால்ட் அங்கிள் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் வந்தால் துவாயும் வரும். யாராவது கட்டிலுக்குக் கிட்டப் போனால் அது வாய்க்குப் போய்விடும். பழைய கடைக்காரர்கள் பார்க்க வந்தால், "இப்பத்தான் தூங்குறாரு" என்று வாசலிலேயே அனுப்பிவிடுவாள். அவர் கண்ணை முழித்துக்கொண்டுதான் கிடப்பார்.

எங்கள் இல்லத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பசி, வலி, மூத்திரம் இந்த மூன்றையும் எப்படியாவது தெரியப்படுத்தக்கூடியவர்களைத்தான் வைத்துக்கொள்வோம். முன்னொரு காலத்தில் வயிற்றுவலியைச் சொல்லத் தெரியாமலே ஒருவர் எங்கள் கைக்குள்ளேயே உயிரை விட்டுவிட்டார். அன்றையிலிருந்து மதருக்குப் பயம். முடியாதவர்களைக் களுத்துறைக்கு அங்கால் உள்ள வேறொரு இல்லத்துக்கு அனுப்புவார்கள். அங்கே நேர்ஸ்மார் உண்டு, டொக்டர் உண்டு, எல்லாம் உண்டு. தமிழ் கதைக்க ஒருத்தரும் இல்லை. பழனியம்மா அங்கே போய்வருவதென்றால் வேலையை விட வேண்டும். விட்டாலும் வழியில் எத்தனை சாவடி! அனுப்பினால், பெட்டியில் வைத்துத்தான் அவரை மறுபடி பார்க்கலாம் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆளுக்கு விளக்கம் இருக்கிறதா, கேட்பது புரிகிறதா இல்லையா என்று பார்க்க, மதர் ஒரு பேச்சுப் பயிற்சி மிஸ்ஸை வரவழைத்தார். பைறோஸா என்று பெயர். தலையில் முக்காடு, மேலே வெள்ளைக் கோட், கையில் படங்கள். சின்ன வயதுதான், ஆனாலும் கெட்டிக்காரி என்பது வந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது. கட்டிலின் காலடியில் மதரோடு நின்றபடி கேட்டார்.

"ஐயா, இது வாழைப்பழமா?"

"ஒவ் மாத்தயா."

படத்தில் இருந்தது தலைவாருகிற சீப்பு.

"இது சீப்பா?"

"ஒவ் மாத்தயா."

"கண்ணை மூடுங்க பாப்பம்."

"ஒவ் மாத்தயா." கண் மூடவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே இருந்தது.

"அவருக்கு வெளங்குது மிஸ்" என்று பழனியம்மா குறுக்கே விழுந்தாள். "நல்லா வெளங்குது. நேத்து நான் அழுதப்போ என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. பசிச்சா எனக்குத் தெரியும், மிஸ். இப்ப தாகமா இருக்கு, அதான் இப்பிடி."

"நீங்க சொல்லாதீங்கம்மா. அவர் சொல்லட்டும்."

அவர் சொன்னார். அதையேதான் சொன்னார்.

வெளியே வந்ததும் பைறோஸா மதரிடம் மெதுவாகச் சொன்னார். "எல்லாத்துக்கும் ஆம் எண்டு சொன்னா, அதில ஒண்டையும் நம்பேலாது மதர். விளக்கம் இருக்கிற மாதிரித் தெரியேல்ல. அடுத்த கிழமை இன்னொருக்கா வந்து பாத்துட்டு முடிவாச் சொல்றேன்." மதர் பெருமூச்சு விட்டு, களுத்துறைக்கு இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம் என்றார்.

அன்று பின்னேரம் பின்பக்கக் குழாயடியில் நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். பழனியம்மா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அது நான் பழக்கினது, பிறிஜெற்" என்றாள்.

"எது அக்கா?"

"அந்த ஒவ் மாத்தயா."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சுடலைமுத்துவுக்கு வாய் எவ்வளவோ கோபமும் அவ்வளவு. ஒருநாள் கடை மூடிப் பஸ்ஸில் வரும்போது ஒரு சாவடியில் நிறுத்தி, எந்த ஊர், இங்கே என்ன வேலை, பொலிஸ் பதிவு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். மனிதர் தன்னுடைய நல்ல சிங்களத்தில், கடை வாசல் குரலில், "இந்தத் தெருவில் நான் தலை நரைக்குமட்டும் நின்றுவிட்டேன், நீ நேற்று வந்தவன், பதிவை நீ காட்டு" என்றிருக்கிறார். பஸ்ஸில் இருந்த சனம் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்புக்குத்தான் அடி விழுந்தது. கடை முதலாளி போய்ப் பேசி அவரை எடுத்துவந்தபோது ஒரு காது வீங்கி மூடிக்கிடந்ததாம். காது வீக்கம் வற்றுவதற்குள் இன்னொரு சாவடியிலும் வாயைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"இனி இந்த மனுசனைப் பொணமாத்தான் கொண்டாந்து போடுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். "பக்கத்து வீட்டுல எல்லாம் அவனவன் புள்ளைக்கு அப்பிடித்தானே சொல்லிக் குடுக்குறான்? கேட்டதுக்கு ஒவ் மாத்தயான்னு சொல்லு, நிமிந்து பாக்காதன்னு. நான் புருசனுக்குச் சொல்லிக் குடுத்தேன். தொடப்பக்கட்டையைத் துவக்கு மாதிரிப் புடிச்சுக்கிட்டு வாசல்ல நிப்பேன். அட்டையக் காட்டுன்னு சிங்களத்துல கத்துவேன். அவரு ஒவ் மாத்தயான்னு சொல்லணும். கொரல் ஒசந்தா மறுபடி சொல்லணும். கண்ணு நிமிந்தா மறுபடி சொல்லணும். சொல்லாட்டி வேலைக்குப் போக விடமாட்டேன்."

"அவர் சொன்னவரே?"

"மொதல்ல சிரிச்சாரு. பொறகு ஏசுனாரு. நான் அழுதேன், அவரு கால்ல விழுந்தேன். அதுக்கப்புறந்தான் சொன்னாரு. சொல்லிட்டு, நான் கட்டிக் குடுத்த சோத்தைக்கூட எடுக்காமப் போயிட்டாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "போகப் போக நல்லா வந்திருச்சு. பஸ் கண்டக்டருக்குக்கூட அதையே சொல்லுவாரு. கடை வாசல்லயும் கொரல் எறங்கிப்போச்சுன்னு மொதலாளி சொன்னாரு. நான் சந்தோசப்பட்டேன், பிறிஜெற். உசுரோட வீட்டுக்கு வர்றாரேன்னு சந்தோசப்பட்டேன். இப்பப் பாரு. மூணு பாஷையையும் மறந்துட்டாரு. எம் பேரையும் மறந்துட்டாரு. நான் பழக்கினது மட்டும் மறக்கல."

நெஞ்சு அடைத்தாலும் என் வாய் அடைக்காது. "இதை ஏன் அந்த மிஸ்ஸிட்டச் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"என்னான்னு சொல்றது? புருசனைக் குனிய வச்சவ நான்தான்னா? எல்லாரும் கேக்க எப்பிடிச் சொல்லுவேன்? மானம் போகுது பிறிஜெற்."

"அப்ப மானத்தை வைச்சுக்கொண்டு அவரைக் களுத்துறைக்கு அனுப்புங்கோ!"

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கொடியில் துணியைப் போடும்போதுதான், இந்த வாயை என்ன செய்தால் தகும் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்த கிழமை பைறோஸா வந்தார். அதே கோட், அதே படங்கள். மதரும் வந்து நின்றார். ஒஸ்வால்ட் அங்கிள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார். பைறோஸா முதல் படத்தை எடுக்க, பழனியம்மா எழும்பினாள். வழக்கம்போலக் குறுக்கே விழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மிஸ், நான் அவருக்காகப் பதில் சொல்ல வரல. என்னையப் பத்திச் சொல்லணும்" என்றாள்.

சொன்னாள். துடைப்பக்கட்டையிலிருந்து சோற்றுப் பார்சல் வரை ஒன்றையும் விடாமல், வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னாள். சுடலைமுத்து நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்டாரா, விளங்கியதா, தெரியவில்லை. ஒஸ்வால்ட் அங்கிளின் பேப்பர் கீழே இறங்கிவிட்டது. மனிதர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளைச் சட்டையோ பச்சைச் சட்டையோ, யாராச்சும் நிமிந்து நின்னு கேட்டா அவருக்கு அதுதான் வரும், மிஸ்" என்று முடித்தாள்.

பைறோஸா எடுத்த படத்தைக் கீழே வைத்தார். "எங்கட வாப்பாவும் வீட்டை விட்டு வெளிக்கிடேக்க எங்களுக்கு இதையேதான் சொல்லி அனுப்புறவர்" என்றார். பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். மதரையும் என்னையும் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். நான் கால் கழுவ வைத்திருக்கிற சின்ன ஸ்டூலை இழுத்து, சுடலைமுத்துவின் முகத்துக்குக் கீழே தன் முகம் வருகிற மாதிரி உட்கார்ந்தார். படங்களை எடுக்கவில்லை.

"ஐயா, உங்கட பேர் ஒஸ்வால்ட்டா?"

"ஒவ் மாத்தயா."

பைறோஸா அவருடைய வாயைப் பார்க்கவேயில்லை. நல்ல கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கை விரிப்பின்மேல் கிடந்த இடக்கை விரல்களை மடக்கி மெதுவாகப் பொத்திக்கொண்டது.

"உங்கட பேர் சுடலைமுத்துவா?"

"ஒவ் மாத்தயா." கை விரிந்தது.

"வெளியில இப்ப மழையா?" வெயில் எரித்துக்கொண்டிருந்தது. வாய் ஒவ் மாத்தயா என்றது, கை பொத்திக்கொண்டது. பழனியம்மாவைக் காட்டி, "இவ உங்கட மனுசியா?" கை விரிந்தது. "நான் உங்கட மனுசியா?" கை பொத்தியது, கோணல் வாயில் ஒரு சிரிப்பும் வந்தது. மாதாவே! எத்தனை நாளாக நான் அந்தக் கையைக் கழுவி, துடைத்து, நகம் வெட்டிவிட்டிருக்கிறேன். ஒரு நாளும் அது என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. வாய் சொன்னதையே கேட்டுக்கொண்டிருந்தோம், வார்டு முழுக்க.

பைறோஸா கேள்விகளை மாற்றி மாற்றி, நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து கேட்டார். இடையில் கை சில தடவை தடுமாறியது. அவசரப்படுத்தாமல் திரும்பக் கேட்டார். அதற்குப் பிறகு மதரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களைக் களுத்துறைப் பக்கம் வேற ஒரு இடத்துக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

"ஒவ் மாத்தயா" என்றது வாய். எப்போதும்போலத் தாழ்ந்த குரல்தான். கை பொத்திக்கொண்டு கட்டில் கம்பியில் இடித்தது. மறுபடி இடித்தது. கம்பி அதிர்ந்து, மேசையில் இருந்த கோப்பை ஆடியது. 'ஒவ் மாத்தயா, ஒவ் மாத்தயா' என்று வாய் சொல்லச் சொல்ல, கை இல்லை, இல்லை என்று இடித்துக்கொண்டேயிருந்தது.

"போதும் பிள்ளை" என்றார் மதர். "அவர் இங்கயே இருக்கட்டும்."

பைறோஸா எனக்குச் சொல்லித்தந்துவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். கை விரிந்தால் ஆம், பொத்தினால் இல்லை. வாய் சொல்வதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கேட்டுவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். பொறுமைதான் எனக்குக் கஷ்டம், ஆனாலும் பழகலாம் என்றேன். போகும்போது ஒஸ்வால்ட் அங்கிள் அவரைக் கூப்பிட்டு, "மிஸ், நாங்கள் அந்தாளைக் கொஞ்சம் பகிடி பண்ணிப்போட்டம்" என்றார். "அதை அவரிட்டச் சொல்லுங்க, அவருக்கு விளங்கும்" என்று பைறோஸா சொல்லிவிட்டுப் போய்விட்டார். அங்கிள் அன்றைக்குச் சொல்லவில்லை. அன்று முழுக்கப் பேப்பரும் வாசிக்கவில்லை.

தேநீர் கொடுத்த பிறகு பழனியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துவாய். அவரை இருத்திக்கொள்ளக் கிடைத்த சந்தோசம் அவள் முகத்தில் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. ஏதோ ஒன்றைக் கேட்பதா விடுவதா என்று தவிக்கிற முகம். எனக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு நாளும் அவளுக்கு ஒரு வசதி இருந்தது: எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும், அதற்கு அர்த்தமில்லை. இனி அப்படி இல்லை.

"நான் செஞ்சதுக்கு..." என்று தொடங்கி நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து கேட்டாள். "நான் அன்னைக்கு வாசல்ல நின்னு உங்களைச் சொல்ல வச்சேனே. அதுக்கு எம்மேல கோவமா?"

"ஒவ் மாத்தயா" என்றார்.

அவள் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அது பொத்திக்கொள்ள வேண்டும் என்று எனக்குள் வேண்டிக்கொண்டேன், உண்மையைச் சொன்னால். இடக்கை மெதுவாக விரிந்தது. விரிந்து, விரிப்பின்மேல் ஒரு தட்டுத் தட்டியது. ஆம். கண்ணும் நிலத்தைப் பார்க்கவில்லை. இங்கே வந்ததிலிருந்து நான் பார்க்க முதல் தடவையாக அவர் நிமிர்ந்து, நேரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புறக்கோட்டையில் நான் கண்ட அந்த மனிதரின் கண்.

பழனியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அழுவாள் என்று நினைத்து நான் கிட்டப் போனேன். அவள் அழவில்லை.

"கோவப்படுங்க" என்றாள். "நல்லாக் கோவப்படுங்க. நான் இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மடியில் கிடந்த துவாயை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.